இரண்டாவது முடிவு மட்டும் சரி

ஹரிகேஷ் குஷ்வாஹாவைப் பற்றி யாராவது "பாவம், ராசியில்லாத மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராசிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் வாழ்க்கையில் மண் விழுந்ததற்கு ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளும் காரணம். அதைப் பருப்பில் போடாமல் விட்டவன் நான்.

அப்போது நாங்கள் அலகாபாத்தில் சலோரிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். இரண்டு பேருக்கு ஓர் அறை. சுவரில் இந்திய வரைபடம், மூலையில் ஸ்டவ், கட்டிலுக்கு அடியில் ஊரிலிருந்து வந்த அரிசி, கோதுமை மாவு, உருளைக்கிழங்கு மூட்டைகள். அந்த லாட்ஜில் இருந்த முப்பத்தாறு பேரும் ஏதோ ஒரு சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான். ஹரிகேஷ் அண்ணனுக்கு இருபத்தொன்பது வயது; காஜிப்பூர் மாவட்டம், சைத்பூருக்குப் பக்கத்துக் கிராமம். எனக்கு இருபத்தைந்து, மவூவிலிருந்து வந்தவன், பெயர் லல்லன் ராஜ்பர். ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தோம். சமையல் என் வேலை, பரீட்சையில் வருகிற ரீசனிங் என்ற தர்க்கப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

ரீசனிங்கில் அவரை அடிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படித்தவர்கள்கூடப் புரியாத கேள்வியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மொட்டை மாடிக்குத்தான் வருவார்கள். எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அனிலுக்கு இடப்பக்கம் மூன்றாவது ஆள் யார் என்ற கேள்விக்கு நாங்கள் பக்கம் பக்கமாகக் கிறுக்குவோம். அவர் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, அதில் நாலு புள்ளி வைத்து, "அங்க வேற யாருடா உக்கார முடியும்?" என்பார். முடியாதுதான்.

"உங்களுக்கு மூளை இல்லாம இல்ல. இருக்கிற மூளையை எதுக்கு உள்ள கொண்டு வர்றீங்கன்னுதான் கேக்கறேன்" என்று திட்டுவார். "உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் செருப்போட சேத்து வாசல்ல கழட்டி வெச்சிட்டு வா. எல்லா எருமைகளும் வக்கீல்கள்னு குடுத்திருக்கானா, எருமை வக்கீல்தான். சில வக்கீல்கள் பல்புகள்னு குடுத்திருக்கானா, பல்புதான். இப்ப சொல்லு, சில எருமைகள் பல்புகளா?"

"எங்க ஊரு வக்கீலைப் பாத்தா ஆமான்னுதான் தோணுது அண்ணே" என்பான் சர்வஜீத். எதிர் அறைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"தோணக்கூடாது. குடுத்ததுலருந்து வருதா இல்லையா, அதான் கேள்வி."

ஒருநாள் இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போது மாடிப்படியில் அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். ராம்நகீனா என்று பெயர். கத்தரி, வெண்டை, வெள்ளரி போடுகிற சின்ன விவசாயி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாசஞ்சர் ரயிலில் மூட்டையோடு வருவார், தண்ணீர் குடிப்பார், அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார். ராத்தங்கினால் மகனுக்குப் படிப்பு கெடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். அன்றைக்குத் தோளில் மூட்டையை வைத்தபடியே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எரும எப்படிப்பா வக்கீலாகும்?"

அண்ணன் சிரித்தார். "அப்படித்தான் குடுத்திருக்கான் அப்பா."

"குடுத்தா நம்பிடறதா?"

"நம்பினாத்தான் மார்க்கு."

"அப்ப சரி, நம்பு" என்றார் ராம்நகீனா. அந்த மனிதருக்கு மகனைப் பற்றிச் சந்தேகமே வந்ததில்லை. ஏழு வருடம் அரிசி சுமந்தார். அந்த ஏழு வருடத்தில் ஹரிகேஷ் அண்ணன் ஒரு தடவை இரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டார். ஒரு தடவை எழுத்துத் தேர்வில் தேறி டைப்பிங் தேர்வில் தவறினார். ஒரு தடவை தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவரிடம் படித்தவர்களில் ரெண்டு மூன்று பேர் தேறிப் போவார்கள். இனிப்போடு வந்து காலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவர் அந்த இனிப்பை எனக்குக் கொடுத்துவிடுவார்.

நான் சொல்லவந்த வருடத்தில் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்திய அரசு எழுத்தர் தேர்வு. அடுத்த ஜனவரியோடு அவருக்கு வயது வரம்பு முடிந்துவிடும். ஆக அதுதான் கடைசி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊரில் அவருடைய வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தம்பி உமாகாந்தின் போனிலிருந்து அப்பா கூப்பிடுவார். கேட்பது ஒரே ஒரு கேள்வி, "சாப்பிட்டியா?" இவர் "ஆச்சுப்பா" என்பார். போன் வைக்கப்படும். பரீட்சையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அண்ணன் மாடியில் நாலு பேருக்கு ரத்த உறவுக் கேள்விகள் நடத்திக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. உமாகாந்த். அவன் என்னைக் கூப்பிடுகிறவன் இல்லை. நான் படியில் இறங்கிப் போய் எடுத்தேன்.

"லல்லன் அண்ணே, பக்கத்துல அண்ணன் இருக்காரா?"

"மேல இருக்காரு. என்னடா?"

"அப்பா போயிட்டாரு அண்ணே."

முந்தின நாள் சந்தைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போன இடத்தில் அனல் காற்றில் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு இருந்திருக்கிறார்; ஏழு மணிப் போனைக்கூட அங்கே படுத்தபடிதான் பேசியிருக்கிறார். விடிகாலையில் முடிந்துவிட்டது.

"இரு, அண்ணனைக் கூப்பிடறேன்" என்றேன்.

"வேணாம்!" என்று கத்தினான். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை எழுதி முடிக்கட்டும். அப்பாவே சொல்லிட்டுத்தான் போனாரு. நேத்து ராத்திரி என் கையைப் புடிச்சிக்கிட்டு, பரீட்சை முடியற வரைக்கும் பெரியவனுக்குத் தெரியக்கூடாதுன்னாரு. அம்மாவும் அதையேதான் சொல்லுது."

"டேய், அவருதான்டா மூத்தவரு! கொள்ளி யாரு வைப்பா?"

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன். இதில் மாற்றுப் பேச்சே கிடையாது. கொள்ளி வைத்தவன் பத்து நாளும் ஒற்றைத் துணி கட்டிக்கொண்டு தனியாக உட்கார வேண்டும். தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ள வேண்டும். யாரும் அவனைத் தொடக்கூடாது. அரச மரத்தில் ஓட்டைப் பானையைக் கட்டி, காலையும் மாலையும் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதிலிருந்து எழுந்து வந்து பரீட்சை எழுதுவதென்பது நடக்காத காரியம்.

"நான் வைக்கறேன் அண்ணே" என்றான் உமாகாந்த். இருபத்திரண்டு வயதுப் பையன். "பாவம் வந்தா எனக்கு வரட்டும். அவருக்கு வேலை கெடைக்கட்டும்."

இப்போது யோசித்தால் நான் அப்போதே மேலே ஓடியிருக்க வேண்டும். மதியத்துக்குள் பஸ் ஏற்றியிருந்தால் சாயங்காலம் கங்கைக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், முகம் பார்த்திருப்பார். நான் ஓடவில்லை. செத்தவரின் கடைசிச் சொல் என்பதால்தான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். முழு உண்மை அதுவல்ல. நானும் அதே பரீட்சை எழுதுகிறவன். மூன்று நாளும் அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு இன்னும் ஐந்தாறு மதிப்பெண் கூடும் என்று அந்தப் படியில் நிற்கும்போதே என் மனசின் ஓர் ஓரம் கணக்குப் போட்டது. அந்த ஓரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மேலே போனேன். "யாருடா போன்ல?" என்றார்.

"வீட்லருந்து அண்ணே. தங்கச்சிக்கு வரன் வந்திருக்காம்."

"பலே!" என்று சிரித்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சரி, அடுத்தது. ஒரு போட்டோவைக் காட்டி ஒருத்தன் சொல்றான், இவருக்கு என்னைத் தவிர வேற புள்ளை இல்ல..."

நான் அங்கே உட்கார முடியாமல் சமைக்கிறேன் என்று அறைக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போனது. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்தேன். ராம்நகீனா தன் நிலத்தில் விளைந்ததை உலர்த்தி இடித்துப் போன மாதம் கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் அது. சாவு வீட்டில் பத்தாம் நாள் வரைக்கும் மஞ்சள் சேர்க்கமாட்டோம், தாளிக்கமாட்டோம். அப்பன் செத்த அன்றைக்கு மகனுக்கு, அதுவும் அவருடைய மஞ்சளையே போட்டு, தாளித்த பருப்பை நான் எப்படி ஊட்டுவேன்? கொள்ளியைத்தான் பறித்துக்கொண்டோம்; தீட்டையாவது அவருக்குத் தெரியாமல் அவருக்காக நான் காப்பாற்றுகிறேன் என்று தோன்றியது. டப்பாவை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உப்பு மட்டும் போட்டு வெள்ளைப் பருப்பும் சோறும் வைத்தேன்.

"என்னடா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு?"

"மஞ்சள்ல பூச்சி விழுந்துடுச்சு அண்ணே. கொட்டிட்டேன்."

"மஞ்சள்ல பூச்சியா?" என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் விவசாயி மகன். "உனக்குப் பரீட்சைக் காய்ச்சல் வந்துடுச்சுடா. சரி போடு." தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அன்று ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஏழேகாலுக்கு அவரே கூப்பிட்டார். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, படுத்துவிட்டார் என்று உமாகாந்த் சொன்னான். அந்த நேரத்தில் அவன் சிதைச் சூடு ஆறாமல் குளித்துவிட்டு ஈரத் துணியோடு இருந்திருப்பான். வெள்ளிக்கிழமை காலையில் இவர் மறுபடி கூப்பிட்டார். "அரச மரத்தடியில இருக்கேன் அண்ணே, அப்பறம் பேசறேன்" என்று அந்தப் பையன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சாயங்காலம் கூப்பிட்டபோதும் அதையே சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வீடு அது.

"இவன் எதுக்குடா ரெண்டு வேளையும் அரச மரத்துக்குப் போறான்?" என்று என்னிடம் கேட்டார்.

"அங்கதான் டவர் நல்லா கெடைக்கும்னு நெனைக்கறேன் அண்ணே."

"டவர் கெடைச்சா எதுக்கு உடனே வெக்கறான்?" என்றார். ஆனால் மேலே கேட்கவில்லை. கேள்வித்தொகுப்பை எடுத்துக்கொண்டார். கொடுக்காததைச் சேர்க்கக் கூடாது என்று தினமும் நூறு தடவை சொல்கிறவர், தன் விஷயத்திலும் அப்படியே இருந்தார். சனிக்கிழமை முகம் மழிக்க உட்கார்ந்தபோது, தீட்டில் மழிக்கக்கூடாதே என்று, சனிக்கிழமை கத்தி படக்கூடாது என்று சொல்லித் தடுத்தேன். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். மூன்று நாளும் வெள்ளைப் பருப்புதான். சர்வஜீத் சமோசா வாங்கிவந்தபோது, பொரித்தது அவர் வாயில் படக்கூடாதென்று அண்ணன் பங்கை நானே பிடுங்கித் தின்றேன். "ஒனக்கு என்ன வயித்துல யானையா இருக்கு?" என்று அவன் திட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. அவருக்கு நைனியில் சென்டர், எனக்கு கர்னல்கஞ்சில். கிளம்பும்போது என் தோளில் தட்டி, "வட்ட மேசை வந்தா பதறாத. மொதல்ல யாரு நகர முடியாதோ அவனைப் புடி" என்றார்.

எனக்குப் பரீட்சை அருமையாகப் போனது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ரீசனிங் ஐம்பது கேள்வியில் தடுக்கியது இரண்டோ மூன்றோதான். ஒவ்வொரு கேள்வியையும் அவர் குரலில்தான் படித்தேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் மொட்டை மாடியில் கூடிவிட்டார்கள். வினாத்தாளை வெளியே கொண்டுவர விடுவார்கள். அதில் அவரவர் விடைகளை டிக் அடித்து வைத்திருப்போம். எங்கள் லாட்ஜில் ஹரிகேஷ் அண்ணன் வினாத்தாள் வந்தால்தான் சரிபார்க்கிற வேலையே தொடங்கும். அவர் படியேறி வந்ததும் சர்வஜீத் துள்ளி எழுந்தான்.

"வந்துட்டாருய்யா நம்ம விடைத்தாளு! குடுங்க அண்ணே, குடுங்க. முப்பத்திரண்டாவது என்ன போட்டீங்க? பி தானே?"

அவர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தார். வெயில் கொளுத்தியது, அவர் நிழலுக்கு நகரவில்லை. இங்கே ஒரே ஆரவாரம். ஒன்று ஏ, இரண்டு டி என்று சர்வஜீத் உரக்கப் படிக்கப் படிக்க, ஒருத்தன் தொடையைத் தட்டினான், ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டான். ஐம்பதும் டிக் அடித்திருந்தார். ஐம்பதும் சரியாகத்தான் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரீசனிங் முடிந்ததும் மற்ற பகுதிகளுக்கு வேறொருவன் தாளை எடுத்துக்கொண்டார்கள். இவர் தாள் என் கைக்கு வந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். கணக்குப் பகுதி. ஒரு டிக்கும் இல்லை. அடுத்த பக்கமும் இல்லை. பொது அறிவு, ஆங்கிலம், கடைசிப் பக்கம் வரைக்கும் அச்சடித்தது அச்சடித்தபடி இருந்தது. திரும்பக் கணக்கின் முதல் பக்கத்துக்கு வந்தேன். முதல் கேள்வி: தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இருமடங்கு; இருவர் வயதின் கூடுதல் தொண்ணூறு. பத்து ஆண்டுகளுக்குப் பின் தந்தையின் வயது என்ன? அதன் ஓரத்தில், கணக்குப் போட விட்டிருந்த இடத்தில், அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

கூற்று 1: வியாழன் முதல் அப்பா பேசவில்லை.
கூற்று 2: உமாகாந்த் காலையும் மாலையும் அரச மரத்தடியில் இருக்கிறான்.
கூற்று 3: லல்லன் மூன்று நாளாக மஞ்சள் போடவில்லை.
முடிவு 1: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.
முடிவு 2: அப்பா இல்லை.

முதல் முடிவை அடித்திருந்தார். இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அதே சின்ன வட்டம்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்போடா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வியாழக்கிழமை விடிகாலைல."

"கொள்ளி?"

"உமாகாந்த்."

"அப்ப இன்னிக்கு நாலாவது நாள்." விரல் விட்டு எண்ணினார். "கேள்விய படிச்சேன். அப்பா வயசு எத்தனைன்னு கேட்டுருந்தான். எங்கப்பா வயசு எனக்குச் சரியா தெரியாதேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்டா. அப்பத்தான் வரிசையா விழுந்துச்சு. எந்திரிச்சேன். உக்காருன்னுட்டான். மணி அடிக்கிற வரைக்கும் கதவு தெறக்கக் கூடாதாம். ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பின்னால் சர்வஜீத், "அண்ணே, அம்பதுக்கு அம்பது! இந்தத் தடவை உங்களை எவனாலும் நிறுத்த முடியாது!" என்று கத்தினான். நான் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

அடுத்த பஸ்ஸில் கிளம்பினோம். பஸ் ஹந்தியாவைத் தாண்டியது. பிறகு கேட்டார், "மஞ்சளை ஏன்டா போடல?"

"தீட்டுல நீங்க மஞ்சள் சாப்பிட்டா பாவம்னு..."

"பெரிய பண்டிட்ஜி." சிரிக்கப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டு போனது.

"அண்ணே, நான் போட்டிருந்தா?"

எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்றுதான் கேட்டேன். எனக்கே அப்போதும் ஆறுதல் தேவைப்பட்டது, பாருங்கள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். எந்தக் கேள்விக்கும் பொய்யான விடை சொல்லத் தெரியாத மனிதர்.

"முடிச்சிருப்பேன்" என்றார். "ரெண்டு கூற்று பத்தாது. மூணாவதுதான் கட்டுச்சு."

பனாரஸில் பஸ் மாறினோம். அங்கே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல பரீட்சை நல்லா போச்சுன்னுதான் சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்காத."

"எதுக்கு அண்ணே பொய்? ரிசல்ட் வந்தா தெரிஞ்சிடுமே."

"தெரியட்டும். ஆறு மாசம் ஆகும், ஏழு மாசம் ஆகும். அதுக்குள்ள அவன் கொஞ்சம் தேறிடுவான்." யாரென்று அவர் சொல்லவில்லை. "எனக்குப் பரீட்சை கெடக்கூடாதுன்னு என் எடத்துல நின்னு எரிச்சிருக்கான்டா. பத்து நாள் அந்த மூலையில தனியா உக்காந்திருக்கப்போறான். இப்ப போய் நான் ஒண்ணுமே எழுதலன்னு சொன்னா அந்த மூலையிலயே செத்துடுவான்."

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் வைக்கோல் பரப்பி, ஒற்றை வெள்ளைத் துணியில் உமாகாந்த். பக்கத்தில் பேய் அண்டாமலிருக்க ஓர் இரும்புத் துண்டு, சோறு பொங்க ஒரு மண்சட்டி. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் முடியாது, தொடக்கூடாது. நின்ற இடத்திலேயே கைகூப்பினான். "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதான்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். வகிட்டில் குங்குமம் இல்லை, கையில் வளையல் இல்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அண்ணன் அவள் காலில் விழப் போனார். அவள் குனிந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"பரீட்சை எப்படிப்பா போச்சு?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நல்லா போச்சும்மா" என்றார் ஹரிகேஷ் அண்ணன். "இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும்."

அம்மா மூலையைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியாடா? நாம செஞ்சது தப்பில்ல. அவரு சொன்ன மாதிரியே ஆச்சு." உமாகாந்த் வைக்கோலில் சரிந்து உட்கார்ந்து, துணியில் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். நாலு நாளாக அடக்கிவைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அண்ணன் அவனிடமிருந்து மூன்று முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பத்தாம் நாள் ஆற்றங்கரையில் தலை மழிக்கும்வரைக்கும் அந்த மூன்று முழம் அப்படியேதான் இருந்தது.

டிசம்பரில் பட்டியல் வந்தது. என் எண் இருந்தது. ரீசனிங்கில் எனக்கு நாற்பத்தேழு. ஜனவரியில் அவருக்கு வயது முடிந்தது. அறையைக் காலி செய்து, புத்தகங்களைச் சர்வஜீத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு ஊருக்குப் போனார். இன்றைக்கு சைத்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பரீட்சை விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிறார். பிறந்த தேதியைக் கேட்டதும் கையால் எண்ணாமலே, உனக்கு இன்னும் மூன்று தடவை இருக்கிறது, நாலு தடவை இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாலையில் தம்பியோடு வெண்டைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறார்.

வேலையில் சேரும் முன் அந்த வீட்டுக்கு நான் போனேன். இனிப்பு எடுத்துப் போக மனசு வரவில்லை. வெறும் கையோடு போனேன். அண்ணன் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. உமாகாந்த் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு வயல் பக்கம் போய்விட்டான். அவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அம்மா வெல்லமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். என் தலையில் கைவைத்து, நல்லா இரு என்றாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"நல்லா எழுதினேன்னுதான் சொன்னான். அவன் நல்லாத்தான் எழுதியிருப்பான். என்னமோ, வரல." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளைப்பா. இதைக் கேக்க அவரு இல்ல."